கத்தரிப்பூவின் மேல் வெளிச்சம் படக்கூடாது

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. ஒட்டுக்கேட்டேன். சீபு ஊர் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில் மூன்று கட்டில்கள், இடையிடையே பச்சைத் திரை. தோள் இறுகிப்போய்ச் சட்டை மாட்ட முடியாமல் நான் இரண்டாம் கட்டிலில் கிடந்தேன். மூன்றாவதில் உஞ்சாட். திரை உடம்பைத்தான் மறைக்கும், பேச்சை மறைக்காது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ரஜாங் ஆற்றின் மேல் அந்திச் சூரியன்

அடித்துவிட்டேன். சிகிச்சை காலை பத்து மணிக்கு. பிறகு: ஒளி என்பது

இதுவும் வேண்டாம். இருபத்தேழு வருடம் வாத்தியாராக இருந்தவன். ஒளி என்று ஆரம்பித்தால் பிரசங்கத்தில்தான் போய் நிற்பேன்.

2

"கைய தூக்குங்க அப்பாய்."

"தூக்கிட்டேன்."

"இதுக்குப் பேரு தூக்குறதா? பஸ்ஸு கூட நிக்காது."

அதட்டியவள் யூனிஸ், எங்கள் தெரபிஸ்ட். உஞ்சாட்டைப் போலவே இபான், இந்த ஆற்றங்கரைப் பழங்குடி. அப்பன் வயசுக்காரனை அப்பாய் என்றுதான் கூப்பிடுவாள், திட்டும்போதும். உஞ்சாட் பத்தொன்பது வருடம் கடல் தாண்டி பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்தவன். ஜனவரியில் ஊர் திரும்பியபோது வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. லேசர் வெளிச்சத்தை வலிக்கிற இடத்தில் காட்டினால் வலி குறையும், உள்ளே கிழிந்த தசை சீக்கிரம் ஆறும் என்று யூனிஸ் எனக்கும் சொல்லியிருந்தாள். இவனுக்குச் சிக்கல் என்னவென்றால், வலி சரியாகத் தோளின் முன்பக்கம். அங்கேதான் இபான் ஆண்கள் பெருமையாகக் குத்திக்கொள்ளும் கத்தரிப்பூ பச்சை குத்தியிருந்தது.

"பூ மேல காட்ட மாட்டேன். கறுப்பு மை வெளிச்சத்த குடிச்சிரும், தோலு வெந்துரும். சுத்தி காட்டறேன், நீங்க பயிற்சிய விடாம பண்ணுங்க. மெதுவா சரியாகும்."

"மெதுவான்னா?"

"ரெண்டு மூணு மாசம்."

"கவாய் அறுவடைத் திருநாளுக்கு மூணு வாரந்தான் இருக்கு."

"கையத் தூக்கி ஆடாம உக்காந்து சாப்பிடுங்க. யாரு வேணாம்னா?"

உஞ்சாட் சொன்னான். "பத்தொம்பது கவாய் அங்க தனியா உக்காந்து சாப்பிட்டாச்சு. இந்த வருசம் சுலாவ் முன்னால ஆடணும்."

3

சுலாவ் அவன் மனைவி. அப்போது நான் அவளைப் பார்த்ததில்லை. முதல் பிரதியில் படகுத்துறையில் காத்து நிற்க வைத்தேன். கிழித்தேன். பத்தொன்பது வருடம் எவளாவது துறையில் நிற்பாளா? மிளகுத் தோட்டம் பார்த்தாள், மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். இரண்டாம் பிரதியில் கோபக்காரி ஆக்கினேன்: அவன் முன்னால் தட்டை வைத்த வேகத்தில் சோறு [இந்த வாக்கியம் முடியவில்லை. முகம் தெரியாத பெண்ணின் கோபத்தை நான் எங்கிருந்து எடுப்பேன்?]

திரைக்கு அப்பால் கேட்டது இவ்வளவுதான்:

"சண்ட போட்டா பரவாயில்ல. விருந்தாளிகிட்ட மாதிரி தண்ணி வேணுமான்னு கேக்கறா. பொண்டாட்டி அப்படிக் கேப்பாளா?"

இன்னொன்றும் சொன்னான். பச்சை குத்தும்போது தோலை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பூவுக்கு இழுத்துப் பிடித்தது சுலாவின் இரண்டு கட்டைவிரல்கள். அப்போது கல்யாணம் ஆகவில்லை. அதற்கு முந்திய கவாயில் அவன் ஆடியதைப் பார்த்துத்தான் மனசு வைத்தாளாம்.

(மறுபடி ஒருத்தியின் பார்வையில் விழ வேண்டும் என்ற அந்த ஏக்கம் எனக்கும் தெரியும். யாரிடம் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.)

4

இந்தப் பகுதியை எழுதாமல் தப்பிக்கப் பார்த்தேன்.

அடுத்த வாரம் யூனிஸ் விடுப்பு. பதிலுக்கு வந்த லாவ் என்ற சீனப் பையன் கோப்பின் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டான். லேசருக்காக இருவரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"பச்ச குத்தியிருக்கீங்களா?"

"இல்ல," என்றான் உஞ்சாட்.

தோளில் பூ இல்லை என்று ஓர் இபான் தன் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. பூ இருப்பது எனக்குத் தெரியும். திரையை விலக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதை எங்கே போகிறது பார்ப்போம் என்று கிடந்தேன். எழுத்தாளப் புத்தி, நாய்ப் புத்தி.

"சுடுதா?"

"இல்ல. நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் காட்டு."

5

வெளியே காப்பிக்கடையில் அவன் முன்னால் போய் உட்கார்ந்தேன். இடது கையால் கம்பியா என்ற சீன ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்யா பொய் சொன்ன?"

"கேட்டுட்டீங்களா, சிக்கு?" இங்கே வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சட்டையைத் தளர்த்திக் காட்டினான். பூவின் மேல் தோல்நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. அது கலைந்த நடுவில் கொப்புளம்.

"என்னய்யா இது?"

"எம்மக வச்சிட்டுப் போன மூஞ்சிக் கிரீம். பூ இருந்தா வெளிச்சம் ஆகாதாம்னு சுலாவ்கிட்ட சொன்னேன். 'வெளிச்சத்துக்குத் தெரியாம மறச்சிட்டா போச்சு'ன்னு அவளே எடுத்தாந்தா. ரெண்டு கட்டவெரலாலயும் தேச்சுவிட்டா." ரொட்டியைக் கீழே வைத்தான். "வந்ததுலேந்து அவ என்னத் தொட்டதே இல்ல. நான் ஆடணும்னு அவளுக்கும் இருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அப்புறம் சுட்டா என்ன, வெந்தா என்ன?"

இரண்டு காப்பிக்கும் நானே காசு கொடுத்தேன்.

யூனிஸ் திரும்பி வந்து மூன்று பேரையும் திட்டினாள். அவனை, லாவை, நான் ஒப்புக்கொண்ட பிறகு என்னை. புண் ஆறும்வரை லேசர் கிடையாது, பயிற்சி மட்டும். கவாய்க்குப் பன்னிரண்டு நாள்.

"மருந்து யாரு போடறா?" என்று கேட்டாள்.

"சுலாவ். காலைல ஒரு வாட்டி, சாயந்தரம் ஒரு வாட்டி."

"புண்ணு சீக்கிரம் ஆறிடும்."

"அவசரம் இல்ல," என்றான் உஞ்சாட்.

6

முடிவு அ: கை முழுதாக உயர்கிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். (பள்ளி ஆண்டு விழா.)

முடிவு ஆ: கை உயரவில்லை. சுலாவ் எழுந்து வந்து பிடித்துத் தூக்கிவிடுகிறாள். (எழுதும்போது அழுதேன். மறுநாள் படித்து வெட்கப்பட்டேன்.)

நடந்ததைச் சொல்கிறேன், பாதி மட்டும். கவாய்க்கு என்னைக் கூப்பிட்டிருந்தான், போனேன். பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீண்ட வீட்டின் பொதுக் கூடத்தில் பாய்கள் விரித்திருந்தன. ஆட்டத்துக்கு வெண்கல மணிகள் ஒலிக்கத் தொடங்கியதும் உஞ்சாட் எழுந்தான். வலது கை தொடையருகில் இருந்தது.

அந்தக் கையை நான் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டு ஒருவன் தோளை வேகவிட்டவன் நான். அது எவ்வளவு உயரம் போனது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கோடு போட்ட இடம் கீழே விட்டிருக்கிறேன். நான் சுலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் இரண்டு கட்டைவிரல்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டாள். சுலாவ் திரும்பவில்லை. அவனை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

கை ____________________