இரண்டரை மணிப் பாட்டு

பெரிய வெள்ளிக்கிழமை பகல் இரண்டரைக்குத்தான் பாட்டு வெளிவரும் என்று தெரிந்த நாளிலிருந்தே ஜெனீற்றாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கொரியப் பாட்டுக் குழுப் பெடியன்கள் ஆறு பேருக்கும் ஊர்காவற்றுறை என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தால் வேறு நாள் பார்த்திருப்பார்களோ என்னவோ. அவர்களுக்காக அவள் நடத்தும் ரசிகர் இணையப் பக்கத்தில் பன்னிரண்டாயிரம் பேர். சென்னை, மலேசியா, கனடா என்று எங்கெங்கோ இருந்து அவளை ‘அட்மின் அக்கா’ என்றார்கள். தேங்காய் துருவக் கூப்பிடும்போது மட்டும்தான் அவள் ஜெனீற்றா.

முதல் நிமிடத்திலேயே எல்லோரும் கேட்டாக வேண்டும், சத்தத்தை அடைத்துவிட்டு ஓடவிட்டால் கேட்டவர் எண்ணிக்கையில் சேராது என்று சட்டம் போட்டவளும் அவள்தான். போட்டவளே மீறினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?

வீட்டிலோ தவக்காலம் முழுக்கப் பாட்டு இல்லை. அம்மா மார்கிரட் ரேடியோவைத் துணியால் சுற்றி அலுமாரிக்கு மேல் ஏற்றியிருந்தாள்.

“நாப்பது நாள் பொறுக்க ஏலாதே உனக்கு?”

“ஏலும்” என்று சொல்லியிருந்தாள் ஜெனீற்றா.

பெரிய வெள்ளி அன்று அதே இரண்டரைக்குக் கோயிலில் வழிபாடு தொடங்கியது. வெறுமையான பீடத்தின் முன் ஃபாதர் முகங்குப்புற விழுந்து வணங்கினார். சனம் முழந்தாளிட்டது. மணியே அடிக்காத நாள். ஒரு இருமல்கூட இல்லை. முக்காட்டுக்குள் ஒரு காதில் மட்டும் புளூடூத் இயர்போனைச் செருகியிருந்த ஜெனீற்றா, பைக்குள் கைவிட்டுத் திரையைத் தட்டினாள். காதில் ஒன்றும் கேட்கவில்லை. கோயில் முழுக்கக் கேட்டது.

வெள்ளிதோறும் சிலுவைப்பாதைப் பாட்டுகள் அவளுடைய போனிலிருந்துதான் கோயில் ஸ்பீக்கருக்குப் போகும். இன்றும் அந்த ஸ்பீக்கர் இயர்போனுக்கு முந்திப் பழகிய போனைப் பிடித்துக்கொண்டது. அவள் தடவித் தடவி நிறுத்துவதற்குள் பத்து விநாடி பாடித் தீர்த்துவிட்டார்கள் ஆறு பேரும்.

எல்லாக் கண்களும் ஸ்பீக்கர் பொறுப்பைப் பார்க்கும் மரியதாசன் மீது விழுந்தன. அவர் பெண்சாதியும் பிள்ளைகளும் முன்வரிசையில் இருந்தார்கள்.

“நான் ஒண்டும் போடேல்லை, ஃபாதர்.”

ஃபாதர் எழுந்து நின்று அவரைப் பார்த்தார். “பிறகு கதைப்பம், மரியதாசன்.”

மனுசன் தலையைக் குனிந்துகொண்டார். பைக்குள் போன் ஓயாமல் அதிர்ந்தது; அட்மின் அக்காவைத் தேடுகிறார்கள். ‘இவர்கள்தான் என் உயிர்’ என்று பன்னிரண்டாயிரம் பேருக்கு எழுத அவள் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. இங்கே முந்நூறு பேர்தான். அதில் ஒருத்தி அம்மா.

ஜெனீற்றா எழுந்தாள்.

“அது என்ர பாட்டு, ஃபாதர்.”

முந்நூறு தலைகள் திரும்பின. அம்மா மட்டும் திரும்பவில்லை. முழந்தாளிட்ட சனத்துக்கு நடுவில் ஜெனீற்றா ஒருத்தியாக நின்றாள். முக்காடு வழுகித் தோளில் விழுந்தது. காதில் இயர்போனின் நீல வெளிச்சம் இன்னும் மினுங்கி மினுங்கி, அவளுடைய போனைத் தேடிக்கொண்டிருந்தது.