ஈயத் தொட்டி

வாசலூர்பட்டி ரோட்டில் பேட்டரி கடை வைத்திருக்கும் முரளிக்கு ஈயத்தின் மேல் இருந்த நம்பிக்கை, கட்டிய மனைவி கோகிலவாணியின் மேல்கூடக் கிடையாது. கடைக்குப் பின்னால் கொட்டகையில் ஒரு மரத்தொட்டி. உள்ளே ஈயத் தகடு அடித்தவன் அவனேதான். வருஷக்கணக்கில் பேட்டரி ஆசிட் கிடந்தும் ஒரு சொட்டு கசிந்ததில்லை. வந்தவன் போனவனிடமெல்லாம் அந்தப் பெருமைதான்.

அந்தப் பெருமையில்தான் வினை வந்து சேர்ந்தது. சேலத்தில் வெள்ளிப் பட்டறையை மூடிய ஒருவர், மிச்சமிருந்த ஆசிட் கேனைச் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். ஓசியில் வந்தால் யார் விடுவார்? தொட்டியில் தண்ணீர் விட்டு, அதை மேலே ஊற்றச் சொல்லிவிட்டு வாசலில் நின்றான் முரளி. ஒத்தாசைக்கு வந்திருந்த மச்சினன் மணிவண்ணன் கேனை முகர்ந்துவிட்டு, வாடை வேறு மாதிரி இருக்கிறதே என்று தயங்கினான்.

"ஆசிட்டுன்னா ஆசிட்டுதான் மாப்ள. ஈயத்த எதுவும் திங்காது. ஊத்து."

ஊற்றினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தகடு நுரைத்துப் பொங்கியது. செம்பழுப்பாய்ப் புகை கிளம்பிக் கொட்டகையை அடைத்தது. கேன் சாய்ந்துவிடாமல் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் மணிவண்ணன் வெளியே வந்தான். அப்படிப்பட்ட பிள்ளை அவன்.

இருமல் அடங்கியது, நெஞ்சு மட்டும் பிடிக்கிறது என்றான். தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி கோகிலவாணி மன்றாடினாள். முரளிக்கோ, ஆசிட்டே தெரியாதவன் என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான். பாழாய்ப்போன வெட்கம்!

பொழுது சாய்கையில் மணிவண்ணனுக்கு மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் வேன் மலையிறங்க, முரளியின் மடியில் கிடந்தவனின் நெஞ்சு கொரகொரத்தது. புகையின் நிறத்தைக் கேட்டதுமே, அது நைட்ரிக் ஆசிட் என்றார் டாக்டர். பேட்டரி ஆசிட்டில் ஈயத்தின் மேல் வெள்ளைப் படலம் படிந்து அதைக் காக்குமாம். நைட்ரிக்கில் உண்டாகும் உப்பு தண்ணீரில் கரைந்துவிடுவதால் ஈயம் அரிபட்டுக்கொண்டே போகுமாம். அந்தப் புகை சும்மா இருப்பதுபோல் இருந்து, அரை நாள் கழித்துத்தான் நுரையீரலைப் பிடிக்கும், உடனே வந்திருந்தால் இவ்வளவு முற்றியிருக்காது என்றும் சொன்னார்.

உயிர் தப்பியது. நுரையீரல் தழும்பேறிப் போனது.

மிளகு பறிக்க மரம் ஏறுவதில், மலைமேல் அவர்கள் வாழவந்தி நாட்டில் மணிவண்ணனை மிஞ்ச ஆளில்லை. இந்த வருஷம் அவன் மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்க, ஏறியவன் முரளி. பாதி மரத்திலேயே கால் வழுக்கியது.

"பாத்து... மாமா... கெளைய... புடிச்சுக்குங்க."

இத்தனை நாளில் அவன் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் முரளியை அரித்தது. கிளையைக் கட்டிக்கொண்டு கீழே பார்த்தான்.

"ஒருக்கா என்னயத் திட்டிரு சாமி."

மணிவண்ணன் சிரிக்கப் பார்த்தான்.

"திட்டறதுக்கு... மூச்சு... வேணுமுங்களே மாமா."

கண்ணீர் மறைக்க, முரளி கைக்குத் தட்டுப்பட்ட கொத்தைப் பறித்துக் கீழே சாக்கில் போட்டான்.