ஏழு வருஷக் கணக்கு

இன்னும் ஒரே ஒரு வருஷம் அந்தப் பக்கமே இருந்திருக்கலாம். முப்பத்துநான்கு ஆண்டுகளாக ஐலீன் யாரிடமும் சொல்லாத எண்ணம் இது.

அவர்கள் தெரு இரண்டு அமெரிக்க மாநிலங்களின் எல்லை: மேற்குச் சாரி கான்சஸ், கிழக்குச் சாரி மிசௌரி. மேற்கே சடங்கும் சான்றிதழும் இல்லாமலே ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவி ஆகிவிட முடியும், கிழக்கே முடியாது. ஆனால் ஏழு வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று ஊரே சொல்லும். மேற்கே இருந்த அவளும் டெல்மரும் ஆறு வருஷம் முடிந்த கையோடு, பெரிய சமையலறைக்கு ஆசைப்பட்டு எதிர்வீட்டுக்குக் குடிபோனார்கள். அன்று முதல் தேவாலயத்தில் யாராவது 'மிஸஸ் ஸ்ட்ரவுட்' என்று கூப்பிட்டால், இரவல் கோட்டு போட்டிருப்பதுபோல் அவளுக்குக் கூசும்.

போன மாதம் டெல்மருக்கு நெஞ்சுவலி. "நீங்க அவருக்கு யாரு?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது அவள் ஒரு கணம் தயங்கினாள். படுத்திருந்தவன் அதைக் கவனித்துவிட்டான். அதனால்தான் இன்று மிசௌரிப் பக்கத்துத் திருமண அலுவலகத்தில் நிற்கிறார்கள்.

"எத்தனை நாள் பழக்கம்?" ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்டாள் குமாஸ்தா மிஸ் ப்ரூவிட்.

"நாப்பது வருஷம்," என்றான் டெல்மர்.

"நல்லா யோசிச்சிட்டீங்கல்ல? அவசரம் ஒண்ணுமில்ல."

"ஆறு வருஷம் கான்சஸ்ல இருந்தோம்," என்றான் டெல்மர். " ஏழாகறதுக்குள்ள இந்தப் பக்கம் வந்துட்டோம். ஒரு வருஷத்துல கோட்ட விட்டாச்சு."

மிஸ் ப்ரூவிட் கண்ணாடியைக் கழற்றினாள். "இந்த ஏழு வருஷக் கதைய வாரத்துக்கு ஒருத்தராவது சொல்றாங்க. அப்படி ஒரு கணக்கே கிடையாதுங்க. ரெண்டு பேரும் மனசொத்து, புருஷன் பொண்டாட்டின்னு நாலு பேருக்குச் சொல்லி வாழ்ந்தா அங்க அது கல்யாணம்தான். அங்க ஆனத இங்கயும் ஒத்துக்குவாங்க. ஒரு வக்கீலப் பார்த்து, தெரிஞ்சவங்ககிட்ட சாட்சி எழுதி வாங்கிக்கோங்க. அங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

ஐலீனுக்கு ஹோஃபர் வீட்டு நிலவறை நினைவுக்கு வந்தது. கான்சஸ் பக்கம் அவர்கள் சேர்ந்து வாழத் தொடங்கிய முதல் வசந்தம், சூறாவளிச் சங்கு ஊத, தெருவே ஓடிப்போய் அதற்குள் இறங்கியிருந்தது. "இந்தப் பொண்ணு யாரு?" என்று கிழவர் ஹோஃபர் கேட்டார். "என் பொண்டாட்டி," என்றான் டெல்மர். அதுவரை அவளிடம்கூடச் சொல்லாத சொல். பதினோரு முகங்கள் அவள் பக்கம் திரும்பின. "ஆமா," என்றாள். யாரோ பீச் பழ ஊறல் ஜாடியை அவள் கையில் கொடுத்தார்கள்.

மேலே கூரை பறந்துகொண்டிருந்த நேரத்தில் கீழே தனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. அந்தக் காற்றுக்கும், கேள்வி கேட்ட கிழவருக்கும், சட்டென்று பதில் சொன்ன இவனுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. டெல்மரின் கையை மட்டும் பற்றிக்கொண்டாள்.

"ஹோஃபர் பொண்ணு இன்னும் அங்கதான் இருக்கா," என்றாள். "அவளும் அன்னைக்குக் கூட இருந்தா."

"சரி, சாட்சி கெடச்சாச்சு. வந்தது வந்தோம், இந்தக் கல்யாணப் படிவத்துலயும் ஒரு கையெழுத்து போட்டுடு ஐலீன். ரெட்டைப் பூட்டு போட்ட மாதிரி இருக்கும்."

படிவத்தில் பென்சிலால் குறியிட்டிருந்த இடத்தை அவள் படித்தாள்: 'இதற்குமுன் மணமாகாதவர்.' இன்னொரு முறையும் படித்தாள். பிறகு பேனாவை மூடி, படிவத்தின்மேல் வைத்து, ஜன்னலுக்கடியில் தள்ளினாள்.

"இதுல என்னால போட முடியாது, டெல்மர்."