கேரலுக்காகத் தள்ளிப்போட்ட ஊசி

ரத்தப் பரிசோதனைச் சீட்டை டாக்டர் இரண்டாம் தடவை படித்தபோதே ஹில்டாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆடி மாசம் எட்டரைக்கு ஏறியிருந்த ஹீமோகுளோபின் இப்போது ஐந்தாம். எலும்புக்குள் ரத்தம் ஊறாத வியாதி அவளுக்கு. அதை ஊற வைக்கத்தான் வாராவாரம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆம்பிளைகளுக்குச் சுரக்கிற சமாச்சாரம்தான். உயிர் வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள்.

பக்கத்தில் அவள் புருஷன் வேதசிரோமணி குடைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தான். தாம்பரத்தில் ரயில் ஏறினதிலிருந்து, பாரேன், இன்னும் ஏறியிருக்கும் என்று அவளைத் தேற்றிக்கொண்டே வந்தவன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

ஊசி ஆரம்பித்துச் சில மாதத்தில் ஹில்டாவின் குரல் தடித்துப்போயிற்று. அவள் டீச்சர். வகுப்பில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் டிசம்பர் வந்தால் சர்ச் ஆட்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வீடுவீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போவார்கள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து முதல் குரல் ஹில்டாவுடையதுதான். இந்த வருஷம் பின்னால் நின்னுக்கோ என்று பாடகர் குழுவை நடத்துகிற சாராள் சொன்னதும் இவளுக்கு உயிரே போய்விட்டது. ஊசியைக் குறைத்தால் குரல் திரும்பிவிடும் என்று தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டாள் மகராசி. வீட்டுப் பக்கத்து நர்ஸிடம் வாரம் ஒன்று போட வேண்டியதை மூன்று வாரத்துக்கு ஒன்றாக்கினாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

டாக்டர் சீட்டை மடித்தார். “இந்த மருந்து இவங்களுக்கு வேலை செய்யல. நிறுத்திடலாம். வேற எதுவும் எங்க கையில இல்ல.”

வேதசிரோமணியின் கை குடைப்பிடியில் நின்றது. “எத்தனை நாள் சார்?”

ஹில்டா அவனைப் பார்த்தாள். சொன்னால் இவன் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் விழிக்க உயிரே இருக்காதே.

“ஊசிய நான் ஒழுங்கா போட்டுக்கல சார்.”

பெண்பிள்ளை வாயில் ஆம்பிளைக் குரல் கேட்டு வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டே மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

டாக்டர் திட்டவில்லை. அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது. ஒரு ஊசியின் வேகம் ஒரு வாரம் தாங்கினாலே பெரிசு, அப்புறம் ரெண்டு வாரம் உடம்பு பட்டினி, சீட்டில் தெரிவது அந்தப் பட்டினிதான் என்றார். மறுபடி வாராவாரம் போட்டுப் பார்க்கலாமாம். ஏறுமா என்று கேட்டதற்கு, ஏறணும் என்று மட்டும் சொன்னார்.

“என் குரல்?”

“அது போனது போனதுதாம்மா. ஊசியை அடியோட நிறுத்தியிருந்தாலும் வந்திருக்காது.”

வேதசிரோமணி அவளைத் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. “யாருடி கேட்டா உன் பாட்டை?”

ஹில்டா ஊசி போடுகிற அறைக்குப் போக எழுந்தாள். அவன்தான் தாங்கிக் கூட்டிப்போனான்.