அண்ணி பூசிய ஒரு முழம்

கடல் கடந்து வந்து ஆண்டவர்கள் கட்டிவிட்டுப் போன தெரு அது. அந்தப் பழைய வீடுகளைக் காப்பாற்றக் கிளம்பிய தன்னார்வலர்களில் அந்தத் தெருப் பல் டாக்டரும் ஒருத்தி. அவற்றுக்குச் சுண்ணாம்புதான் சரி என்று தெருக்காரர்களை நம்ப வைக்க மாதிரிக்கு ஒரு சுவர் வேண்டியிருந்தது. அங்கேயே வீட்டு முன்னறையில் தையற்கடை வைத்திருக்கும் தன் அண்ணியிடம் போய் நின்றாள்.

“வாசல் சுவர் மட்டும் தர்றேன். நாளைக் காலையில வெளுக்கலைன்னா பெயிண்டர் வந்து பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சிடுவார். சொல்லி வெச்சாச்சு.”

“சொத்தையைச் சுரண்டாம பல்லை அடைச்சா உள்ளேயே அழுகும்ல அண்ணி? இதுவும் அப்படித்தான். செங்கல் தரையிலேர்ந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு அதை வெளியே விடும். பிளாஸ்டிக் பெயிண்ட் வாயைப் பொத்திடும்.”

“என் சுவருக்கு வாய் வேறயா! ஆரம்பி, டாக்டரம்மா.”

சுவரை நனைத்து, வடிகட்டிய சுண்ணாம்பைப் பால்போலக் கரைத்து, மெல்லிசாக அடித்தாள். சுவர் நனைந்த சுவராகவே இருந்தது. எதிர்க்கடை சைக்கிள்காரர் குரல் கொடுத்தார்: “என்ன டாக்டர், சுவருக்கு வாய் கொப்பளிச்சு விடுறீங்களா?”

தெருவே சிரித்தது. டாக்டருக்குக் காது சூடானது. ஈரத்தில் சுண்ணாம்பு கண்ணாடி மாதிரிதான் தெரியும், காயக்காய வெளுக்கும், பிறகு காற்றை வாங்கிக் கல்லாக இறுகும். எல்லாம் தெரியும்தான். ஆனால் அடிப்பது இதுவே முதல் தடவை. கெட்டியாக ஒரு இழுப்பு இழுக்கக் கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஈரம் சற்று இழுத்ததும் இரண்டாவது பூச்சையும் மெல்லிசாகவே அடித்தாள்.

டாக்டர் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனதுதான் தாமதம், அண்ணிக்குப் பொறுக்கவில்லை. வாளி அடியில் மிச்சமிருந்த கெட்டி வண்டலை அள்ளிக் கதவோரம் ஒரு முழத்துக்கு அப்பினாள். “இதுதான்யா வெள்ளை!” தெரு கைதட்டியது.

காலையில் டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தாள். பெயிண்டர் டப்பாவும் கையுமாக நின்றிருந்தார். சுவர் கண் கூச வெளுத்திருந்தது. அண்ணியின் ஒரு முழம் மட்டும் வறண்ட குளம்போல வெடித்து, பாதி உதிர்ந்து படியில் கிடந்தது.

“இந்தக் கூத்து யார் வேலை?” என்றார் பெயிண்டர்.

கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்த அண்ணி அசரவே இல்லை. “நான்தான். கெட்டியா அடிச்சா என்ன ஆகும்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?”

சைக்கிள்காரர் மெல்ல வந்தார். “அப்போ என் சுவருக்கு எப்போ?”

“முதல்ல நல்லா நனைச்சு வைங்க. மெல்லிசா அடிக்கணும், அவசரப்படக் கூடாது” என்ற அண்ணி திரும்பினாள். “என்ன வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறே? வாளியை எடு, டாக்டரம்மா!”