டச்சப்

"உங்க பையனை நான் பார்த்தேங்க" என்று ஒரு பெண் குரல் சொன்னதுமே அத்தை போனை என் காதில் திணித்துவிட்டு, தானும் கேட்டுவிட வேண்டும் என்று என் தோளோடு ஒட்டி நின்றார். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். பல் ஆஸ்பத்திரியில் என்றாள். டாக்டராகவா, நோயாளியாகவா என்றேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு கிறுக்குத்தனமான கேள்வி என்று உறைத்தது. அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஆளா இல்லைங்க. சுவத்துல. பெரிய படமா மாட்டியிருக்காங்க. பல்லக் காட்டிச் சிரிச்சிட்டிருக்காரு." நன்றி சொல்லி வைத்தேன். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம்தானா?"

"படம்தான் அத்தை."

என் கொழுந்தன் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். போன் சார்ஜரில் இருந்தது. பணப்பை அலமாரியில் இருந்தது. வேலை பார்த்த கம்பெனி மூடியதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவன், அன்றைக்கு எழுந்து குளித்துச் சட்டை மாற்றியதைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் மனசுக்குள் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நான் போட்டோ எடுக்கிறவள். கல்யாணம் காதுகுத்துக்கு அல்ல. இணையத்தில் படங்களை விற்றுக்கொடுக்கும் ஒரு கம்பெனி இருக்கிறது, அதற்கு. என் படத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும் உரிமம் வாங்கி இறக்கிக்கொள்ளலாம். எதற்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முகம் வேண்டும். வீட்டிலேயே ஒரு முகம் சும்மா இருந்தது. "அண்ணி, இப்ப நான் கோவமா இருக்கணுமா, தலைவலியா? ரெண்டுக்கும் எங்கிட்ட ஒரே மூஞ்சிதான்" என்பான். தன் படத்தை விற்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போடும்போது, "என் தலையெழுத்தையே உங்களுக்கு எழுதிக் குடுத்துட்டேன்" என்று அத்தை காதில் விழுகிற மாதிரி சொல்லுவான். அத்தை "வாயக் கழுவு" என்பார். வெள்ளைக் கோட்டு மாட்டி டாக்டராக்கினேன், டை கட்டி வங்கிக்காரனாக்கினேன், காலைப் பிடித்துக்கொண்டு மூட்டுவலிக்காரனாக்கினேன். நன்றாகவே விலைபோனான்.

இப்போது அவன் முகத்தைப் போட்டுக் காணவில்லை என்று நோட்டீஸ் அடித்தால், ஊரே அவனைப் பார்த்திருக்கிறது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரு விளம்பரத்தில் வந்து முடிகிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் படத்தை நீட்டியபோது அங்கிருந்தவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், இவரு லோன் விளம்பரத்துல வர்றவரு மாதிரி இருக்காரு? விளையாடறீங்களா?" என்றாராம். மாதிரி இல்லை, அவனேதான். அதை எப்படி விளக்குவது?

அதனால்தான் இந்த வேட்டையில் இறங்கினேன். அவன் படம் எங்கெங்கே இருக்கிறது என்று முழுக்கத் தெரிந்துவிட்டால், பொய்யாகப் பார்த்தவர்களைக் கழித்துவிடலாம். மிச்சம் இருக்கிறவர் நிஜமாகப் பார்த்தவர். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் விற்றுக்கொடுக்கும் கம்பெனி, எந்த நாட்டில் விற்றது என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்லாது. யார் வாங்கினார்கள் என்று கேட்டால் வாடிக்கையாளர் ரகசியம் என்று பதில் வரும். படத்தை வைத்துப் படத்தைத் தேடுகிற வசதியில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேட வேண்டியதுதான். காலையில் உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறவரை எழுவதில்லை.

கிடைத்தான். கிடைத்துக்கொண்டே இருந்தான். எனக்குப் படிக்கத் தெரியாத ஒரு மொழியில் மெத்தை வாங்கி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தான். முடி வளர்க்கும் தைலத்துக்கு 'முன்பு' என்கிற படமாக இருந்தான். 'பின்பு' வேறு எவனோ. டயர் கடையில் மேனேஜர். விவாகரத்து வக்கீலின் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். சிலர் இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள், சிலர் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள், ஒருவர் மீசை வரைந்திருந்தார். வேறு நேரமாக இருந்தால் அவனைக் கூப்பிட்டுக் காட்டி விழுந்து விழுந்து சிரித்திருப்போம். இப்போது ஒவ்வொன்றையும் திறந்து, கழிக்க வேண்டிய பட்டியலில் எழுதிக்கொண்டேன்.

இன்சூரன்ஸ் விளம்பரம் ஒன்று திரையில் இருந்தபோது அத்தை பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அதில் அவன் பக்கத்தில் ஒரு பெண், மடியில் ஒரு குழந்தை. வெட்டி ஒட்டியது, நிழல் விழுகிற பக்கம்கூடச் சரியாக இல்லை.

"யாரும்மா அந்தப் பொண்ணு?"

"அது... ஒட்டினது அத்தை."

"நல்லா லட்சணமா இருக்கா." அத்தை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நம்மகிட்ட சொல்லப் பயந்துகிட்டு இப்படி எங்கயாவது குடித்தனம் பண்ணிட்டிருந்தாக்கூடப் பரவால்ல. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மறுபடியும் ஒட்டினது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கத்தை மூடாமல் விட்டுவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்தவள் மாதிரி எழுந்து போனேன்.

ஒவ்வொருவருக்கும் எழுதினேன். இந்தப் படத்தில் இருப்பவர் காணாமல் போயிருக்கிறார், தயவு செய்து எடுத்துவிடுங்கள், தேடுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது. பெரும்பாலும் கிணற்றில் போட்ட கல். பதில் எழுதியவர்கள் மரியாதையாகவே எழுதினார்கள்: முறைப்படி உரிமம் வாங்கியிருக்கிறோம், காலவரம்பு கிடையாது. அவர்கள் சொன்னது சரிதான். அந்த நிபந்தனைக்குச் சம்மதித்தவளே நான்தான். என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி என்று அலைந்துவிட்டு வந்தார். சவக்கிடங்குக்கும் போய்வந்ததை என்னிடம் மட்டும் சொன்னார், கை கழுவிக்கொண்டே, குழாயை நன்றாகத் திறந்துவிட்டு.

அந்தப் போன் வந்தது சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில். அத்தை எடுத்தார், என்னிடம் தந்தார், தோளோடு ஒட்டினார்.

"ஏம்மா, ஆளைக் காணோம்னு நோட்டீஸ் ஒட்டினது நீங்கதானே? நான் இங்க ஒரு குடோன்ல சூப்பர்வைசர். எங்ககிட்ட ஒரு பையன் லோடு ஏத்த வந்தான். அச்சு அசல் உங்க படம்தான். ஆனா அவன் இல்லம்மா. இங்க வேற யாராவது பார்த்துட்டு உங்களுக்குப் போன் பண்ணுவாங்க, நம்பி ஓடி வந்துடாதீங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அவர் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"இவனுக்குப் புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும்மா. புருவத்தையே ரெண்டாப் பிரிச்சுக்கிட்டு நெத்திக்கு ஏறும். உங்க ஆளு மூஞ்சி பளிச்சுனுல்ல இருக்கு?"

அந்தத் தழும்பு அவனுக்கு உண்டு, என் படத்தில்தான் இல்லை.

எங்கள் தொழிலில் இது ஒரு வேலை என்றுகூடத் தோன்றாது. படம் எடுத்ததும் சட்டையில் இருக்கிற கம்பெனிப் பெயரை அழிப்போம், கைக்கடிகாரத்தின் பெயரை அழிப்போம், மச்சம், பரு, தழும்பு எல்லாவற்றையும் அழிப்போம். டச்சப். ஒருவனை யாராகவும் ஆக்க வேண்டுமானால் அவன் இன்னார் என்று காட்டுவது எதுவும் இருக்கக் கூடாது. அழித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்படத்தைத் தூக்கிவிடுவேன், கம்ப்யூட்டரில் இடம் போதாது. வீட்டு விசேஷப் படங்களையும் பழக்கதோஷத்தில் அப்படியே செய்து வைத்திருக்கிறேன். நோட்டீஸுக்கு நல்ல தெளிவான படமாகக் கொடு என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது இருப்பதிலேயே தெளிவானதைக் கொடுத்தேன். இவரும் பார்த்தார், அத்தையும் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. தினம் பார்த்த கண், இல்லாத தழும்பைத் தானே போட்டுக்கொண்டுவிட்டது.

"அவர்கிட்ட குடுங்க சார். ஒரு நிமிஷம். அண்ணி பேசறேன்னு சொல்லுங்க."

"போயிட்டானேம்மா. நோட்டீஸை எடுத்துட்டுப் போய், 'தம்பி, இது நீதானே'ன்னு அவன்கிட்டயே காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் புருவத்தைத் தடவிக்கிட்டு, 'எனக்குத் தழும்பு இருக்கேண்ணே, இதுல இல்லையே. அவங்க தேடறது வேற ஆளை'ன்னான். சிரிச்சிட்டேதான் சொன்னான். மத்தியானம் சாப்பிடப் போனான், திரும்பவே இல்ல." அவர் நிறுத்தினார். நான் மூச்சு விடுவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "ஏம்மா... அவன்தானா?"

குடோன் இருக்கும் இடத்தை எப்படியோ கேட்டு வாங்கினேன். இவருக்குப் போன் செய்து சொன்னேன். தழும்பைப் பற்றியும் சொன்னேன். "நான் கிளம்பறேன். நீ வேற படம் ரெடி பண்ணு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அத்தை சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸின் முன் நின்றுகொண்டிருந்தார். "போன்ல பேசினவரு என்னமோ படத்துல தழும்பு இல்லைங்கறாரு? இருக்கேம்மா" என்றார். கண்ணாடியை எடுத்துவந்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

நான் கம்ப்யூட்டரில் அவன் படத்தைத் திறந்து, முகத்தைப் பெரிதாக்கினேன். அழித்தவளுக்கு வரையத் தெரியாதா என்ன? பிரஷ்ஷை எடுத்துப் புருவத்துக்குக் கொண்டுபோனேன். எந்தப் புருவம்? இடமா, வலமா? இத்தனை படங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒரே குழப்பம். கண்ணை மூடி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு அவன் திரும்பிப் பார்த்ததை நினைக்கப் பார்த்தேன். வந்த முகம் பளிச்சென்று இருந்தது, விளம்பரத்தில் இருக்கிற மாதிரியே. எனக்கு அழுகை பீறிட்டது.

"அத்தை, எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

இடம் என்றோ வலம் என்றோ அவர் சொல்லவில்லை. குனிந்து, விரலைத் திரையில் அவன் புருவத்தின் மேல் வைத்தார். தூங்குகிறவனைத் தொடுகிற மாதிரி மெதுவாக நெற்றிப் பக்கம் ஏற்றினார். "இங்க இருந்து... இதுவரைக்கும்."

"சரி அத்தை. விரலை எடுங்க, நான் வரையறேன்."

எடுக்கவில்லை. பழைய திரை அது. அவர் அழுத்த அழுத்த, விரலைச் சுற்றி நிறங்கள் கலங்கிக் கலங்கி அவன் முகம் முழுக்கப் பரவின.