பரணில் தடுப்புச் சுவர் இல்லை

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். எந்தச் சாமானையும் வெளியே கொடுத்து ரிப்பேர் பார்ப்பது அவருக்கு மானப் பிரச்சினை. மிக்ஸியிலிருந்து பூட்டு வரைக்கும் அவரே பிரிப்பார், அவரே மாட்டுவார், கடைசியில் இரண்டு ஸ்குரூ மிஞ்சும். அதனால் வீட்டுக் கூரைக்குக் குளிர்த் தடுப்பை நானே போடுகிறேன் என்று அவர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

மாமனார் காலத்து வீடு அது. ஒற்றைச் செங்கல் சுவர், மரச் சட்டத்தின் மேல் பலகை, பலகைக்கு மேல் ஓடு. மாமனார் போன பிறகு நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஒரு பாதி எங்களுக்கு, மறு பாதி என் கொழுந்தனுக்கு. கோடையில் வெளிச்சுவரில் கை வைக்க முடியாது. குளிர்காலத்தில் வெளியே மறந்து வைத்த வாளியில் காலையில் கண்ணாடி போல ஐஸ் படிந்திருக்கும். படுக்கைக்குப் போகும்போது குல்லா போட்டுக்கொள்வோம், ஏதோ மலை ஏறப் போகிறவர்கள் மாதிரி.

அந்த வருஷம் குளிர் தொடங்குவதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை அவர் பரணில் கழித்தார். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஆள் தவழ்ந்து போகிற இடத்தைத்தான் பரண் என்போம். எங்கள் பக்கம் முழுக்க பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன் மேல் கண்ணாடிக் கம்பளியைச் சுருள் சுருளாகப் பரப்பினார். அந்தக் கம்பளித் தூசு உடம்பில் பட்டால் அரிப்பு தாங்காது. இரண்டு நாள் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு கரடி மாதிரி நின்றார். ஏணியில் நின்று டார்ச் அடித்தது நான்.

எங்கள் சமையலறைக்கும் குளியலறைக்கும் சேர்த்து ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு. அதிலிருந்து ஒரு குழாய் பரண் வழியாகப் போய், கூரையில் இருக்கும் ஓட்டையில் முடியும். அவர் அந்தக் குழாயைப் பிடுங்கிவிட்டு ஓட்டையில் கம்பளியைத் திணித்தார்.

"அது வெளிய போகணும்ல?" என்றேன்.

"இந்த ஓட்டை வழியாத்தான் குளிரே இறங்குது. வெறும் ஆவிதானே, இங்கயே காஞ்சிடும்."

"அப்ப குழாயை எங்க விடறீங்க?"

"அந்தப் பக்கம் காலியாத்தானே கெடக்கு. நீ லைட்டை ஒழுங்கா அடி."

அந்தப் பக்கம் என்றால் தம்பி வீட்டுக்கு மேலே. கீழேதான் சுவர் எழுப்பியிருந்தோம், பரணில் தடுப்பு எதுவும் கிடையாது. நான் லைட்டை ஒழுங்காக அடித்தேன். கீழே இறங்கி டீ போட்டபோது அதை மறந்தும் போனேன்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பக்கம் சொர்க்கம். குல்லாக்களைப் பெட்டியில் போட்டேன். வந்தவர்களிடமெல்லாம் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தம்பி வீட்டுக்கும் அடுத்த வருஷம் போட்டுத் தருவதாக அவர் சொல்லியிருந்தார்.

கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன். கிளம்பினால் பத்து நாள் கழித்துத்தான் வீடு. என் ஓரகத்தி, சின்னவள் என்றுதான் எல்லாரும் சொல்வோம், வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பாள். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண். வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும்.

குளிர் ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். சின்னவள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் படுக்கையறை மூலையைக் காட்டினாள். சீலிங்கும் சுவரும் சேரும் இடத்தில் மிளகு தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள். தொட்டால் ஈரம்.

"தொடச்சாப் போயிடுதுக்கா. ரெண்டு நாள்ல மறுபடி வந்துடுது."

என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். ஓடு உடைந்திருக்கிறதா என்று வெளியே நின்று அண்ணாந்தார். உடையவில்லை. உள்ளே கொடியில் குழந்தையின் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"துணியை உள்ள காயப் போட்டா ஈரம் எங்கம்மா போகும்? ஜன்னலையும் இழுத்து மூடியிருக்கீங்க. வீடு மூச்சு விடணும்."

அவள் துணியை வெளித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனாள். மூடி போட்டுச் சமைத்தாள். காலையும் மாலையும் ஜன்னலைத் திறந்தாள். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கை அகலத்துக்குப் படர்ந்தன. அவள் நாற்காலி மேல் ஏறி பிளீச்சிங் பவுடர் தண்ணீரால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து நின்றாள். தைக்கும்போது ஊசி பிடிக்க முடியவில்லை என்று ஒருநாள் சொன்னாள். "கையுறை போட்டுக்கோ" என்றேன், பெரிய யோசனை சொன்னவள் மாதிரி.

ஒரு சனிக்கிழமை என் நாத்தனார் வந்தாள். இரண்டு வீட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு, சின்னவளின் கூடத்தில் உட்கார்ந்து மூக்கைச் சுருக்கினாள்.

"என்ன அண்ணி, இங்க ஒரே பூஞ்சை வாடை?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "வீட்டை வெச்சிக்கவும் தெரியணும்ல? ஒரே கூரைதானே! எங்க பக்கம் வந்து பாரு, ஒரு பொட்டு இருக்கான்னு" என்றேன்.

நாத்தனார் சிரித்தாள். சின்னவள் டீத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். தட்டை வைத்துவிட்டு நேரே படுக்கையறைக்குப் போனாள். ஜன்னல் கதவுகள் இரண்டும் திறக்கிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் அந்த ஜன்னல்களை மூடியதே இல்லை. பகலெல்லாம் திறந்து கிடக்கும். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தைப்பாள். வாலுவுக்கு இருமல் வந்தது. இருமல் நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆனது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி.

கொழுந்தன் லாரியைப் பாதி வழியில் இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தான். வார்டுக்கு வெளியே நான் சாப்பாட்டுக் கேரியரோடு போனபோது அவன் சின்னவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணி எத்தனை வாட்டி சொன்னாங்க? வீட்டை வெச்சிக்கத் தெரியணும்டீ!"

அவள் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையின் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கேரியரை வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் வீடு மாறச் சொன்னார். குளிர் முடிவதற்குள் நகரத்தின் இன்னொரு கோடியில் மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றுக்குப் போய்விட்டார்கள். சாமான் ஏற்றுகிற அன்றைக்கு, "உங்க மனசு கஷ்டப்படற மாதிரி எதாவது நடந்துக்கிட்டிருந்தா மன்னிச்சிடுங்கக்கா" என்று அவள் என்னிடம் கேட்டாள். நானும் பெரிய மனுஷி மாதிரி அவள் தலையில் கை வைத்தேன்.

கோடை போய் அடுத்த குளிர் வந்தது. கொழுந்தன் தன் பாதியை வாடகைக்கு விடலாம் என்று போனில் சொன்னான். சாவி என்னிடம்தான் இருந்தது. கதவைத் திறந்த உடனே அதே வாடை. விளக்கைப் போட்டேன். படுக்கையறைச் சுவர் பாதிக்கு மேல் கறுத்திருந்தது. சீலிங் மூலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

அங்கேயே நின்றேன். எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் சமைக்கவில்லை. யாரும் துணி காயப் போடவில்லை. யார் வைத்துக்கொள்ளத் தெரியாமல் வைத்துக்கொண்டார்கள் இந்த வீட்டை?

என் வீட்டுக்காரருக்கு அப்போது முழங்கால் வீங்கியிருந்தது, ஏணி ஏறக் கூடாது. அவர் முணுமுணுக்க முணுமுணுக்க நான் ஒரு கூரை வேலைக்காரரை வரவழைத்தேன். ஒல்லியான ஆள். பரணுக்குள் பூனை மாதிரி போனார், கொஞ்ச நேரத்தில் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"இந்த வீட்டுல யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்லைங்க. எட்டு மாசமாப் பூட்டித்தான் கெடக்கு."

"அப்புறம் யாரு குளிக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "உங்க வீட்டு ஃபேனைப் போட்டுட்டு வாங்க."

வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஃபேனைப் போட்டுவிட்டு வந்து ஏணியில் ஏறினேன். அவர் வெளிச்சம் காட்டின இடத்தில் அந்தக் குழாய் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கெட்டில் மூக்கிலிருந்து வருகிற மாதிரி அதிலிருந்து ஆவி புசுபுசுவென்று வந்தது. மேலே பலகை முழுக்க நீர்முத்துகள்.

"உங்க வீட்டு ஆவி பூரா இங்க வருது. பலகை குளிர்ல தண்ணியாயிடுது. தண்ணி இவங்க சுவத்துல இறங்குது. உங்க பக்கம் பிளாஸ்டிக் விரிச்சிருக்கு, அதான் உங்களுக்குத் தெரியல. யாரு இப்படிப் பண்ணது?"

"தெரியலீங்க" என்றேன்.

"முன்னாடி இருந்தவங்க எப்படித்தான் சமாளிச்சாங்களோ?"

"ஜன்னலைத் திறந்து வெச்சிருந்தாங்க."

"திறந்து? தண்ணி மேல இருந்துல்ல வருது!"

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஏணி ஏறினார். தடுத்தும் கேட்கவில்லை. பார்த்துவிட்டு இறங்கி, டிப்போ சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நல்லதுக்குத்தானேடி பண்ணேன்" என்றார்.

"அவங்ககிட்ட சொல்லணுங்க."

"சொல்லி? ஆறின புண்ணைக் கீறணுமா? குழந்தைதான் நல்லாயிடுச்சே."

ஆறியது யாருடைய புண் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பேச்சு எனக்கும் வசதியாக இருந்தது. கூரைக்காரர் குழாயை வெளியே இழுத்து மாட்டினார், தம்பி பக்கமும் கம்பளி விரித்தார், ஓரங்களில் காற்றுப் போக வழி விட்டார். கொழுந்தனிடம் ஓடு நழுவியிருந்தது, சரி பண்ணியாயிற்று என்று சொன்னோம். "அண்ணன் இருக்கறப்ப எனக்கென்ன கவலை" என்றான் அவன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஒரு மாதத்தில் புதிதாக ஒரு நர்ஸ் தன் அம்மாவோடு குடி வந்தாள். வந்த பத்தாம் நாள் என்னிடம், "வீடு எவ்வளவு கதகதப்பா இருக்குக்கா! முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?" என்று கேட்டாள். மறுநாளே பஸ் ஏறினேன்.

சின்னவளின் ஃபிளாட்டுக்குள் நுழைந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. வெள்ளைச் சுவர்கள், எங்கேயும் ஒரு கறை இல்லை. ஆனால் எல்லா ஜன்னலும் ஒரு சாண் திறந்திருந்தது. அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாலு குல்லாவும் கையுறையும் போட்டுக்கொண்டு தரையில் படம் வரைந்துகொண்டிருந்தது.

"எதுக்கு இப்படித் திறந்து வெச்சிருக்க? குழந்தைக்கு ஆகுமா?"

"மூடினா பூஞ்சை வந்துடும்னு பயமா இருக்குக்கா. எனக்குத்தான் வீட்டை வெச்சிக்கத் தெரியாதே. தினம் காலைல சுவரையெல்லாம் ஒரு தடவை துடைச்சிடுவேன். இங்க வந்ததுலேர்ந்து ஒரு பொட்டு வரல" என்று சொன்னாள். அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அப்படி நம்பிக்கொண்டிருந்தாள். அதுதான் என்னைக் கொன்றது.

சொன்னேன். டார்ச் அடித்ததிலிருந்து, நான் கேட்ட கேள்வி, அவர் சொன்ன பதில், கூரைக்காரரிடம் தெரியாது என்று சொன்னது வரை ஒன்றையும் விடவில்லை. அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்ப நான் எதுவும் தப்பாப் பண்ணலையா?"

"இல்லம்மா."

"துணி காயப் போட்டது?"

"அதுவும் இல்ல. எல்லாம் எங்க வீட்டுத் தண்ணி."

எழுந்து போய் ஒரு ஜன்னலை மூடினாள். கொஞ்ச நேரம் அதன் எதிரிலேயே நின்றுவிட்டு, திரும்பவும் லேசாகத் திறந்தாள். பழக்கம் போல. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு உங்க நாத்தனார் முன்னாடி சொன்னீங்களேக்கா. அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன். அவங்ககிட்ட நீங்க சொல்லுங்க" என்றாள். டீ குடிக்கச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கொழுந்தன் வந்தான். அண்ணன் மேல் பாய்வான் என்று நினைத்தேன். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "ஆஸ்பத்திரில அவளை நான் பேசினது..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி, "தப்பு என்னுதுடா" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. தம்பி தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினான். இந்தப் பக்கம் திரும்பக் குடி வரும் பேச்சே எழவில்லை. நர்ஸ்தான் இன்னமும் இருக்கிறாள்.

அன்று மாலை நாத்தனாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அட, அதையெல்லாம் இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களா அண்ணி?" என்று சிரித்தாள். "சரி விடுங்க. இருந்தாலும் அவளுக்கு வீட்டு வேலைல கொஞ்சம் மெத்தனம்தான். நம்ம பெரியம்மாகூட அன்னிக்குச் சொல்லிட்டு இருந்தாங்க."

பெரியம்மாவிடம் யார் சொன்னது என்று கேட்டேன்.

"நான்தான். நீங்க சொன்னதைத்தானே சொன்னேன்?"

பெரியம்மாவுக்குப் பிறகு இன்னும் யார் யாரிடம் சொன்னாள் என்று கேட்டு ஒவ்வொரு பேராக எழுதிக்கொண்டேன். ஏழு பேர். இதுவரை நாலு பேரிடம் பேசிவிட்டேன். இரண்டு பேர், சின்னவளைக் காப்பாற்றத்தான் பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றார்கள். அவர்களிடம் மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.